சகலை வீட்டுச் சூரியகாந்தி

பதினெட்டு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்த மனுஷன் என்றைக்காவது ஒருநாள் எழுந்து நின்றுதானே ஆகவேண்டும்? தண்ணி சார் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் வீட்டுக் கூடத்தில் எழுந்து நின்றார்.

"பதினாலு நாள்!" என்றார். "பதினாலு நாள் வாடாம நிக்கவச்சுக் காட்டுறேன். பார்த்துடலாமா?"

தண்ணி சார் என்றதும் தப்பாக நினைக்கவேண்டாம். நீங்கள் நினைக்கிற தண்ணியை அவர் மோந்துகூடப் பார்த்ததில்லை. அவர் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார். ஊரில் எந்தக் குழாயைத் திறந்தாலும், அந்தத் தண்ணீர் குடிக்க லாயக்கானது என்று அவர் எங்கேயோ ஒரு கையெழுத்துப் போட்டிருப்பார். ஆறு லட்சம் பேர் அந்தக் கையெழுத்தை நம்பித் தாகம் தணித்துக்கொள்கிறார்கள். ஆனால் மாமனார் வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூட இரண்டாவதாகத்தான் வரும்.

முதல் டம்ளர் சகலைக்கு. அதாவது, மனைவியின் அக்கா வீட்டுக்காரருக்கு. சோபாக் கடை மேனேஜர். ஆள் ஆறடி, சிரிப்பு ஏழடி. அந்த வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு. மூத்த மாப்பிள்ளை என்கிற முறையில் அது அவருடையது. இளைய மாப்பிள்ளைக்கு பிளாஸ்டிக் ஸ்டூல். அதற்கு முதுகும் கிடையாது, கையும் கிடையாது, மரியாதையும் கிடையாது.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். மச்சினன் ஊருக்கு வெளியே பூத்தோட்டம் வைத்திருக்கிறான். காலையில் வெட்டிய சூரியகாந்தியில், அக்காமார் இருவருக்கும் ஆளுக்கொரு கட்டு, கட்டுக்குப் பத்துப் பூ, கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

"கவனிச்சா ரெண்டு வாரம் நிக்கும் மாமா. கவனிக்கலேன்னா நாலு நாள்ல தலை தொங்கிடும்" என்றான்.

சோபா சகலை சிரித்தார். நாற்காலியும் கூடச் சேர்ந்து கிறீச்சிட்டது.

"நம்ம தம்பி வீட்டுக்குக் கொடுக்கிறியே, அது எங்க ரெண்டு வாரம் நிக்கும்? தண்ணியைப் பரிசோதிக்கிற மனுஷன் வீட்டுல தங்கமீனே மூணு நாள்ல மிதந்துச்சு!"

கூடமே சிரித்தது. மாமனார் சிரித்தார். மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் வலித்தது. அந்த மீன் நோயோடு வந்த மீன். அதைப் பத்து தடவை விளக்கியாயிற்று. யார் கேட்டார்கள்?

அப்போதுதான் அவர் எழுந்து நின்றதும், பதினாலு நாள் என்றதும்.

"சரிய்யா, தோத்தா?" என்றார் சகலை.

"தோத்தவருக்கு ஸ்டூல். ஜெயிச்சவருக்கு நாற்காலி. கடைசிவரைக்கும்."

"சரிய்யா சரி" என்று சகலை வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"யார் வீட்டுல எப்படி நிக்குதுன்னு யார் பார்க்கிறது?" என்று கேட்டார் மாமனார்.

"அதுக்கென்னப்பா, நானும் அக்காவும்தான் தினம் போன்ல பேசுறோமே. நாங்க சொல்லிடுறோம்" என்றாள் தண்ணி சாரின் மனைவி.

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கணக்குப் பாடம். அதைவிட முக்கியமாக, அந்தப் பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையைப் போடுகிறவள். நாற்பத்திரண்டு வாத்தியார்கள். ஒவ்வொருவருக்கும் மத்தியானத்துக்கு மேல் கடைசி வகுப்பைக் கொடுப்பாள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் சலுகை கிடைத்ததாக நினைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இது தண்ணி சாருக்கும் தெரியும். அது பள்ளிக்கூடத்து விஷயம் என்று இருந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணி சார் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மச்சினன் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். தண்டைத் தண்ணீருக்குள் வைத்துச் சாய்வாக வெட்டவேண்டும். கீழ் இலைகளை உருவிவிடவேண்டும். இலை தண்ணீரில் முங்கினால் அழுகும். ஜாடி பளிச்சென்று இருக்கவேண்டும். தினமும் தண்ணீர் மாற்றவேண்டும். வெயில் ஆகாது, ஃபேன் காற்று நேராக ஆகாது. பக்கத்தில் பழம் வைக்கவே கூடாது. கனிந்த பழம் விடுகிற வாயு பட்டால் பூ சீக்கிரம் கிழடு தட்டிவிடும்.

வீட்டில் அவ்வளவு உயரமான பூச்சாடி இல்லை. ஆய்வுக்கூடத்தில் விளிம்பு உடைந்ததால் கழித்துப் போட்ட கண்ணாடி அளவு ஜாடி ஒன்றை அனுமதி வாங்கி எடுத்துவந்து வைத்திருந்தார். இரண்டு லிட்டர் ஜாடி. பக்கத்தில் மில்லி கோடுகள். பத்துப் பூவையும் அதில் நிறுத்தியபோது, பத்தும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ஆபீஸில்கூட அவரை அப்படிப் பத்துப் பேர் சேர்ந்து நிமிர்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் கோட்டைப் பார்த்தார். நோட்டில் எழுதினார்.

"டீச்சர்! நானூத்திப் பத்து மில்லி குடிச்சிருக்கு!"

"வந்த வீடு அப்படி" என்றாள் அவள் அடுக்களையிலிருந்து.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்காவோடு போன் பேசிவிட்டு வந்தாள். முகத்தில் ஒரு கவலை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அங்க எப்படி நிக்குதாம்?"

"நல்லாத்தான் நிக்குதாம். அவர் காலையில அஞ்சரைக்கே எந்திரிச்சுத் தண்ணி மாத்துறாராம்."

தண்ணி சார் நம்பவில்லை. "அஞ்சரைக்கா? அந்த மனுஷன் ஒன்பது மணிக்கு முன்னாடி பல் தேய்ச்சதே கிடையாதே!"

"நானும் அதான் கேட்டேன். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மாத்துனாத்தான் தண்டு நல்லா இழுக்குமாம். யாரோ தோட்டக்காரர் சொன்னாராம். அது உண்மையான்னு எனக்குத் தெரியாதுப்பா. தண்ணி விஷயம், உங்களுக்குத்தான் தெரியணும்."

தண்ணி விஷயம் அவருக்குத்தான் தெரியும். மறுநாள் ஐந்தேகாலுக்கு எழுந்துவிட்டார். ஐந்தரைக்குள் தண்ணீர் மாற்றியாயிற்று. ஊரே தூங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸ் போக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எந்திரிச்சதே எந்திரிச்சீங்க. வாசல்ல பால் பாக்கெட் கிடக்கும். அதைக் காய்ச்சி, அப்படியே ரெண்டு டீ போட்டுருங்களேன்."

போட்டார். அதில் என்ன இருக்கிறது? பெரிய காரியத்துக்கு நடுவே ஒரு டீ.

ஐந்தாம் நாள் அடுத்த செய்தி வந்தது.

"அங்க சிங்க்ல ஒரு பாத்திரம் கிடக்கிறதில்லையாம்."

"அதுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? ஜாடியை எங்க கழுவுறோம்? சிங்க்ல. சிங்க்ல எச்சில் பாத்திரம் கிடந்தா கிருமி இருக்குமாம். அது ஜாடிக்கு வந்து, ஜாடியிலேர்ந்து தண்டுக்கு ஏறிடுமாம். கிருமியாவது ஏறுறதாவதுன்னு நான் சிரிச்சேன்."

தண்ணி சார் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர். "சிரிக்காத. இதுல சகலை சொல்றது சரி" என்றார். சகலை சொன்னது சரி என்று அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சட்டைக்கையை மடித்தார். ராத்திரிப் பாத்திரம், காலைப் பாத்திரம், அடிப்பிடித்த சட்டி உட்பட எல்லாம் அவர் கைக்கு வந்தது. விளக்கி முடித்ததும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆய்வுக்கூடத்துக் குடுவைகூட அப்படிப் பளபளத்ததில்லை.

அதற்குப் பிறகு செய்தி தினமும் வந்தது. தூசி இதழில் படிந்தால் பூ மூச்சுவிடாதாம். அதனால் சகலை தினமும் வீடு துடைக்கிறாராம். தண்ணி சார் இரண்டு தடவை துடைத்தார். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வருவதால் சகலை கதவை ரிப்பேர் செய்துவிட்டாராம். தண்ணி சார் வீட்டு மேற்கு ஜன்னல் மூன்று வருஷமாகக் கீல் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் கீல் மாறியது. பழைய பேப்பரில் பூச்சி வருமாம். சாப்பாட்டு மேஜையில் ஏழு வருஷமாக மலையாய்க் குவிந்திருந்த 'அப்புறம் படிக்கலாம்' பேப்பரெல்லாம் ஒரே நாளில் கட்டுக்கட்டாகக் கீழே இறங்கியது. மேஜையின் நிறம் பச்சை என்று அன்றைக்குத்தான் குடும்பத்துக்கு ஞாபகம் வந்தது.

டீச்சர் எதையுமே செய்யச் சொல்லவில்லை. அதுதான் விசேஷம். "நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க, அவர் பண்ணா பண்ணிட்டுப் போறார்" என்பாள். சொல்லிவிட்டு, கையில் டீயோடு ஜன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள்.

"அவர் பண்ணா? அப்ப நான் விட்டுக்கொடுக்கணுமா?" என்பார் தண்ணி சார், துடைப்பத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

பத்துப் பூவும் நின்றன. அவர் நெஞ்சு நிமிர்ந்து நின்றது. மேல்மாடி வக்கீல் ஒருநாள் பார்க்க வந்தார். ஜாடியை ஒரு சுற்று சுற்றினார். மேஜையில் கிடந்த நோட்டைப் படித்தார். திங்கள் நானூற்றுப் பத்து, செவ்வாய் முந்நூற்று எண்பது, புதன் முந்நூற்று ஐம்பது.

"சார், உங்க வீட்டுல பூகூட அளவாத்தான் தண்ணி போடுது!"

"சிரிங்க, சிரிங்க. எட்டு நாளாச்சு. ஒரு இதழ் மடங்கியிருக்கா சொல்லுங்க. அழுகல் வாசனை வருதா? மோந்து பாருங்க. மோந்து பாருங்க சார்!"

வக்கீல் மூக்கை ஜாடிக்குள் விட்டு மோந்தார். ஒத்துக்கொண்டார். மறுநாள் தன் கட்சிக்காரர்கள் இரண்டு பேரை அழைத்துவந்து காட்டினார். தண்ணி சார் அவர்களுக்குத் தண்டு வெட்டும் கோணம் முதல் ஆரம்பித்துப் பாடம் நடத்தினார். அவர்கள் கோர்ட்டுக்குத் தாமதமாகப் போனார்கள்.

பத்தாம் நாள் காலையில் இடி விழுந்தது.

வலது ஓரத்துப் பூ ஒன்று தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மற்ற ஒன்பதும் நிமிர்ந்து நிற்க, இது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏதோ திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி.

தண்ணி சார் ஆபீஸுக்குப் போனார். மேலதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், அரை நாள் லீவு வேணும். வீட்டுல ஒருத்தருக்கு முடியல."

"அடடா! என்ன ஆச்சு?"

"காலையில பார்த்தா தலை தொங்கிப்போச்சு சார். நிமிர மாட்டேங்குது."

"ஐயையோ! யாருக்கு? வீட்டம்மாவுக்கா?"

"இல்ல சார். பத்துப் பேர்ல ஒருத்தருக்கு."

உங்கள் வீட்டில் எப்போது பத்துப் பேர் ஆனீர்கள் என்று அதிகாரி கேட்பதற்குள் தண்ணி சார் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அன்றைக்கு அவர் செய்ததை யாரும் சொல்லித் தரவில்லை. தண்டுக்குள் எங்கேயோ அடைப்பு என்று அவராகவே புரிந்துகொண்டார். குழாயில் காற்று அடைத்தால் தண்ணீர் மேலே ஏறாது. தண்டும் ஒரு குழாய்தானே? பூத்தலையைப் பழைய பேப்பரால் கழுத்தோடு சுற்றி நிமிர்த்திக் கட்டினார். தண்டின் அடியை இரண்டு விரல்கடை வெட்டினார். வெட்டிய நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிஷம் பிடித்தார். பிறகு கழுத்தளவு வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய வாளியில் நிறுத்தி, வெயில் படாத குளியலறை மூலையில் வைத்தார். கதவைச் சாத்தினார். வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள்.

"குளியலறை வாசல்ல என்ன காவல்?"

"ஷ்ஷ். உள்ள இருக்கு."

"யாரு?"

"அந்தப் பூ. சத்தம் போடாத."

அவள் சிரிக்கவில்லை. பையை வைத்துவிட்டு வந்து இன்னொரு ஸ்டூல் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு பேரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஐந்தரை மணிக்கு அவர் கதவைத் திறந்தார். பேப்பரைப் பிரித்தார். பூ நிமிர்ந்து நின்றது. விறைப்பாக, தட்டு மாதிரி, நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

தண்ணி சார் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீனைக் காப்பாற்ற முடியாத கை. இதைக் காப்பாற்றிவிட்டது.

"நீங்க கெட்டிக்காரர்தாங்க" என்றாள் டீச்சர். அவள் குரலில் கிண்டல் இல்லை. பதினெட்டு வருஷத்துக் குரலில் எது கிண்டல், எது கிண்டல் இல்லை என்று அவருக்குத் தெரியும். மச்சினனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "எங்க தோட்டத்துலயே தொங்குனதைத் தூக்கிப் போட்டுடுவோம் அக்கா. மாமா பெரிய ஆள்தான்" என்று அவன் சொன்னதை ஒலிபெருக்கியில் வைத்து அவருக்குக் கேட்கச் செய்தாள். அன்று ராத்திரி தண்ணி சார் பாத்திரம் விளக்கும்போது பாடினார்.

அந்தப் பாட்டு பன்னிரண்டாம் நாள்வரை ஓடியது. பன்னிரண்டாம் நாள் போன் பேசிவிட்டு வந்த டீச்சர் பெருமூச்சு விட்டாள்.

"அங்க பத்தும் அப்படியே நிக்குதாம். ஒண்ணுகூட ஒரு தடவைகூடத் தலை தொங்கலையாம்."

"ஒண்ணுகூடவா?"

"புதுசாப் பறிச்ச மாதிரி இருக்காம். அக்கா சொன்னா."

தண்ணி சாருக்குச் சோறு இறங்கவில்லை. தன் வீட்டில் நேற்று மூன்று இதழ் உதிர்ந்திருந்தது. இன்னும் இரண்டே நாள். சோபா விற்கிற மனுஷன், கிருமி என்றால் என்னவென்று தெரியாத மனுஷன், ஒரு இதழ்கூட உதிராமல் நிறுத்திவைத்திருக்கிறான்! மறுபடியும் ஸ்டூலா? கண் முன்னால் அந்த பிளாஸ்டிக் ஸ்டூல் பெரிதாகி, பெரிதாகி, கூடம் முழுக்க நின்றது.

தண்ணி சார் நல்ல மனுஷர். ஆய்வுக்கூடத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அதையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்லவேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் அவர் பார்வை கடைசி வரியில் போய் நின்றது. பழம் வைக்கவே கூடாது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில், "ஆபீஸ் விஷயமாத் தண்ணி மாதிரி எடுக்கணும், ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்" என்று கிளம்பினார். டீச்சர் தலையாட்டினாள். அவர் நேராகப் பழக்கடைக்குப் போனார்.

"வாழைப்பழம் வேணும். ரெண்டு சீப்பு. நல்லாக் கனிஞ்சதா."

கடைக்காரர் மஞ்சளாக ஒரு சீப்பை எடுத்தார்.

"இன்னும் கனிஞ்சது இல்லையா?"

புள்ளி விழுந்த சீப்பு வந்தது.

"இதைவிட?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து கறுத்துப்போன இரண்டு சீப்பைத் தூக்கினார். "சார், இது நாளைக்குத் தாங்காது."

"அதான் வேணும்!"

ஆப்பிளும் நாலு வாங்கிக்கொண்டார். ஒரு பை நிறைய வாயு. சகலை வீட்டுக் கூடத்தில், பூ ஜாடிக்குப் பக்கத்தில், 'சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்' என்று வைத்துவிட்டு வந்தால் போதும். மிச்சத்தைப் பழம் பார்த்துக்கொள்ளும்.

சகலை வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அக்கா கடைக்குப் போயிருந்தாள். சகலை சோபாவில் மல்லாக்கப் படுத்து, காலைத் தூக்கி இன்னொரு சோபாவில் போட்டிருந்தார். மணி பத்தரை. இன்னும் பல் தேய்த்த மாதிரித் தெரியவில்லை.

"வாய்யா சகலை! அதிசயமா இருக்கு. பழம் வேற. நானும் இன்னும் ஒண்ணும் சாப்பிடல."

கையை நீட்டி ஒரு வாழைப்பழத்தை உரித்தார். தண்ணி சார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மேஜை மேல் பார்த்தார். ஜன்னலோரம் பார்த்தார். எங்கு பார்த்தாலும் தூசி. எங்குமே மஞ்சள் இல்லை.

"பூ எங்க சகலை?"

"எந்தப் பூ?"

"சூரியகாந்தி. மச்சினன் கொடுத்தானே."

"ஓ, அதுவா? அது நாலாம் நாளே தொங்கிடுச்சேய்யா. குப்பைக்குப் போயி ஒம்போது நாளாச்சு. ஜாடி எங்க இருக்குன்னு தேடச் சோம்பலா இருந்துச்சு, வாளியில போட்டேன். தண்ணி ஊத்துனேனான்னுகூட ஞாபகம் இல்ல."

தண்ணி சார் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"அப்ப நீங்க அஞ்சரைக்கு எந்திரிக்கிறது?"

"யாரு?"

"பாத்திரம் விளக்குறது?"

"எதுக்கு?"

"ஜன்னல் ரிப்பேர்? வீடு துடைக்கிறது?"

சகலை இரண்டாவது பழத்தை உரித்தார். "உடம்புக்கு ஏதாவது முடியலையாய்யா?"

"பந்தயம், சகலை! பதினாலு நாள்! நாற்காலி!"

"அடடே, அதை நெசமாவா சொன்னே? நான் சிரிப்புக்குன்னு நினைச்சேன்." சகலை சிரித்தார். சோபாவும் சேர்ந்து ஆடியது. "நாற்காலியா? நீயே எடுத்துக்கோய்யா. பதினெட்டு வருஷமா அதுல மூட்டைப்பூச்சி. உன்கிட்ட எப்படித் தள்ளிவிடுறதுன்னு நானே யோசிச்சிட்டிருந்தேன்."

தண்ணி சார் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "சகலை, நான் இங்க வந்தது யாருக்கும் தெரியவேண்டாம். முக்கியமா உங்க வீட்ல."

"சத்தியமாச் சொல்லமாட்டேன்" என்றார் சகலை, வாய் நிறையப் பழத்தோடு.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கோபம் தலைக்கேறியது. பதின்மூன்று நாள்! அக்காவும் தங்கையும் போனில் சிரித்த சிரிப்பெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் முதல் வார்த்தையே கேட்டுவிட வேண்டியதுதான். மனசுக்குள் ஒத்திகை பார்த்தார்.

'உங்க அக்கா வீட்டுல பூ செத்து ஒம்போது நாளாச்சு!'

'அப்படியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?'

'நேர்ல போய்ப் பார்த்தேன்.'

'எதுக்குப் போனீங்க?'

'சும்மாத்தான்.'

'சும்மாவா? வெறுங்கையோடயா போனீங்க?'

அங்கே வந்ததும் ஒத்திகை வண்டி நின்றுவிட்டது. வேறு வழியாக ஆரம்பித்துப் பார்த்தார். சகலை போன் பண்ணினார் என்று சொல்லலாமா? சகலை ஆயுளில் யாருக்கும் போன் பண்ணியதில்லை. வழியில் பார்த்தேன் என்று சொல்லலாமா? சகலை வழியில் எங்கே வருகிறார், சோபாவில் அல்லவா இருக்கிறார்? எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் அந்தக் கறுத்த வாழைப்பழம் குறுக்கே நின்றது. இறங்கவேண்டிய இடம் வருவதற்குள் ஒன்று தெளிவாகிவிட்டது. இதை அவர் வாயைத் திறந்து கேட்கவே முடியாது.

ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கோபம் வழியிலேயே எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. பச்சை மேஜை மேல் பத்துப் பூவும் நின்றன. பதின்மூன்றாம் நாள். செப்பனிட்ட ஜன்னல் வழியே அளவான வெளிச்சம். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. மஞ்சள் அதில் தெரிந்தது. குளியலறையில் பிழைத்துவந்த பூ வலது ஓரத்தில், எல்லாவற்றையும்விட விறைப்பாக நின்றது. எதிராளியே இல்லாத பந்தயமாகவே இருக்கட்டும். ஓடியது அவர் கால்தானே? இந்தக் குடும்பத்தில், மச்சினன் தோட்டத்திலேகூட, யார் பதின்மூன்று நாள் நிறுத்தினார்கள்? யார் தொங்கிய தலையை நிமிர்த்தினார்கள்? தண்ணி சார் மீசையைத் தடவிக்கொண்டார். நோட்டை எடுத்து அன்றைய மில்லியை எழுதினார். நூற்று எண்பது.

"வந்துட்டீங்களா? தண்ணி மாதிரி கிடைச்சுதா?" டீச்சர் உள்ளேயிருந்து வந்தாள்.

"கிடைச்சுது."

"இப்பத்தான் அக்காகிட்ட பேசினேன்."

தண்ணி சார் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பூ எப்படி இருக்காம்?"

"ஜம்முனு நிக்குதாம். அவர் என்ன பண்றாராம் தெரியுமா? ஃபேன் றெக்கையில இருக்கிற தூசியெல்லாம் பூ மேல விழுதாம். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு ஃபேனாத் துடைச்சிட்டிருக்காராம்."

அவர் வாயைத் திறந்தார். சோபா, நீட்டிய கால், உரித்த பழத்தோல் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. வாழைப்பழமும் கூடவே வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

"இப்பவா துடைக்கிறார்?"

"இந்த நிமிஷம். நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க, அவர் பண்ணா பண்ணிட்டுப் போறார்."

தண்ணி சார் பின்கட்டுக்குப் போய் ஏணியை எடுத்துவந்தார். ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். கூடத்து ஃபேனுக்குக் கீழே ஏணியைப் போட்டு ஏறினார். முதல் றெக்கை துடைத்தார். இரண்டாவது துடைத்தார். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மூன்றாவது றெக்கையில் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற டீச்சர் கூப்பிட்டாள்.

"என்னங்க."

"ம்."

"பழம் நல்லா இனிச்சுதாம், அக்கா சொன்னா. அப்படியே உள்ரூம் ஃபேனையும் துடைச்சிருங்க."